தேக்கைத் தாண்டிப் போன செதல்

தக்கலையை அடுத்த ஒரு வீட்டில் தேக்கு நிலையைத் தொடாமல், இரண்டடி தள்ளியிருந்த ரப்பர் மர அலமாரியை மட்டும் செதல், அதாவது கரையான், தின்றிருந்தது. "கண்ணில்லாத பூச்சிக்கு நல்ல மரம் எது, மட்ட மரம் எதுன்னு எப்படித் தம்பி தெரியுது?" என்று வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டார். பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையில் இருக்கும் என்னிடம் குமரி மாவட்டத்தில் பலரும் கேட்டிருக்கும் கேள்விதான் இது.

மண்ணுக்கடியில் வாழும் செதல் மரத்தைத் தூரத்திலிருந்து மோப்பம் பிடித்து நேரே வருவதில்லை. கூட்டிலிருந்து கிளை கிளையாகச் சுரங்கம் தோண்டி மண்ணைத் துழாவிக்கொண்டே போகும் அது, குழாய் புதைத்த தடம், அஸ்திவார விரிசல், மட்கிய வேர் விட்டுப்போன பொந்து என எளிய வழி கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்ளும். இரையில் முட்டிய வேலைக்காரச் செதல், வயிற்றின் அடியிலுள்ள சுரப்பியால் மணத்தடம் இட்டபடி திரும்பும். பின்னால் வருபவையும் இடுவதால் நல்ல இரைக்குப் போகும் தடம் வலுக்கும், மற்றவை மங்கும். சில பால்பாயிண்ட் மைகளில் உள்ள 2-ஃபீனாக்சிஎத்தனால் இந்த மணத்தடம் போலவே செதலை இழுக்கும். ஆசிரியரின் மேசையில் ஒரு தாளில் வட்டம் வரைந்து நான்கைந்து செதலை விட்டேன். கோட்டை விட்டு விலகாமல் சுற்றிச் சுற்றி வந்தன. (மூன்றாவது பேனாவில்தான் பலித்தது.)

கிடைத்த இரைகளில் எதில் நிலைப்பது என்பதை முதலில் தீர்மானிப்பது ஈரம். அடுத்தது மரத்தின் தன்மை: தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியில் டெக்டோகுயினோன் போன்ற பொருள்கள் இருப்பதால் செதல் அதை எளிதில் தொடாது, ஆனால் அதே தேக்கின் வெள்ளைப் பகுதியைத் தின்றுவிடும். ரப்பர் மரமோ மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்தது. ஈரத்தில் பூஞ்சை பிடித்து இளகிய கட்டை என்றால் இன்னும் பிரியம். இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் சுவரோரம் காய்வதற்குக் கிடைக்கும் மாதங்கள் குறைவு. ஆசிரியர் வீட்டிலோ அலமாரிக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயும் கசிந்துகொண்டிருந்தது.

தென்னையின் தடியில் ஏறும் மண்பூச்சைக் கண்டு பலர் பதறுகிறார்கள். வளர்ந்த தென்னையில் அது பெரும்பாலும் காய்ந்த மேற்பட்டையோடு நின்றுவிடும், நாற்றுக்குத்தான் ஆபத்து.

எனக்கு உள்ள மனக்குறை துடைப்பத்தைப் பற்றியது. செதல் தன் வழியை மூடிக் கட்டிய மண்குழாயைக் கண்டதும் பெருக்கித் தள்ளி மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு, அதன் பிறகே எங்களை அழைக்கிறார்கள். அந்தக் குழாயை விரல் நுனியளவு உடைத்துப் பாருங்கள்: சிப்பாய்ச் செதல்கள் உடைந்த விளிம்பில் தலை நீட்டி நிற்க, வேலைக்காரச் செதல்கள் ஈரமண் உருண்டைகளைக் கொண்டுவந்து அடைக்கத் தொடங்கும். அவ்வளவு உடைத்தால் செதல் தாங்கிக்கொள்ளும். முழுவதும் கலைத்தாலோ அந்தக் கிளையை அடைத்துவிட்டு வேறு பக்கம் தோண்டும்; ஒரே கூட்டம் ஒரே காலத்தில் பல இடங்களில் மேய்வதால் அதற்கு நட்டம் சொற்பமே. எங்களுக்கோ தடம் போய்விடுகிறது.

செதல் தின்பதற்காக மருந்து கலந்த இரையை இடும் இரைப்பெட்டி வைக்கும்போதும் இதே பொறுமை வேண்டும். ஹெக்சாஃப்ளுமுரான் போன்ற மருந்து செதல் தோலுரிக்கும்போதுதான் கொல்லும். அதற்குள் தின்ற செதல் வாய்க்கு வாய் ஊட்டி மற்றவற்றுக்கும் பரப்பிவிடும். பெட்டியை அடிக்கடி திறந்து பார்த்தால் அந்த வேலை கெடும்.

ஆசிரியர் குழாயைச் சரிசெய்து, சுவரோரம் அடுக்கியிருந்த பழைய விடைத்தாள் கட்டுகளை அகற்றினார். வீட்டைச் சுற்றி ஏழு பெட்டிகள் வைத்தோம். செதல் முதலில் ஏறியது அலமாரிப் பக்கத்துப் பெட்டியில் அல்ல, குளியலறைத் தண்ணீர் போய் விழும் வாழை மூட்டருகே இருந்த பெட்டியில்.