அஸ்தம்பட்டியில் நூறு லிட்டர் கடல்

போன சித்திரையில், சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு விரற்கடை தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. கலக்கி வைத்திருந்த உப்புநீரை ஊற்றி ஊற்றி மட்டத்தைச் சரிசெய்தேன். ஒரு வாரத்தில் கோமாளி மீன்கள் இரண்டும் மூலையில் ஒதுங்கி, செவுளை வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தன. அளந்து பார்த்தால் லிட்டருக்கு 35 கிராம் இருக்க வேண்டிய உப்பு 40 கிராமைத் தொட்டிருந்தது.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. என் தொட்டி 100 லிட்டர். அதில் மூன்றரைக் கிலோ உப்பு. ஒரு விரற்கடை என்பது ஏறக்குறைய 5 லிட்டர். அந்த 5 லிட்டரை உப்புநீரால் நிரப்பும் ஒவ்வொரு முறையும் 175 கிராம் உப்பைக் கூடுதலாகக் கொட்டியிருக்கிறேன். மூன்று முறை ஊற்றியதில் அரைக் கிலோவுக்கு மேல் சேர்ந்துவிட்டது. இப்போது கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். தினமும் காலையில் அந்தக் கோடு வரைக்கும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுகிறேன்.

லிட்டருக்குக் கூடிய அந்த 5 கிராம் உப்பு மீனை என்ன செய்யும்? உப்பில் ஊறவைத்த மாங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே உப்பு அதிகமாக இருப்பதால் உள்ளே இருக்கும் நீர் வெளியேறி, துண்டு சுருங்கிவிடும். கடல் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு கடல்நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் வாழ்நாள் முழுக்க அதன் உடம்பிலிருந்து நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது. கூடவே வந்த உப்பைச் செவுளில் உள்ள தனிச் செல்கள் வழியாக வெளியே தள்ளுகிறது. உப்பு கூடக் கூட இந்த வேலையும் கூடும்.

சரி, கல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. கடல் உப்பில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து சுமார் 85 சதவீதம். மிச்சத்தில் சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கின்றன. இதில் மக்னீசியத்தின் கதை சேலத்துக்காரர்களுக்கு நெருக்கமானது. ஊருக்கு வடக்கே வெட்டி எடுக்கிற வெள்ளைக்கல் இருக்கிறதே, அந்த மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட்தான். கடல்நீரில் அதே மக்னீசியம் லிட்டருக்கு 1.3 கிராம் அளவுக்குக் கரைந்திருக்கிறது. போர் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கடல்நீரிலும் கால்சியமும் கார்பனேட்டும் அப்படிப் படியத் தயாராகத்தான் இருக்கின்றன. உருவாகும் படிகத்தின் மேல் மக்னீசியம் போய் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் கடைகளில் மரைன் சால்ட் என்று இவை எல்லாவற்றையும் அளவாகக் கலந்து விற்கிறார்கள். அதையும் போர் தண்ணீரில் கரைக்காதீர்கள். அதில் ஏற்கெனவே என்னென்ன எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும்.

உப்பு கரைந்து தண்ணீர் தெளிந்த அன்றே மீனை விடும் ஆசைதான் அதிக மீன்களைக் கொல்கிறது. மீனின் கழிவு அம்மோனியா. நன்னீர்த் தொட்டியைவிடக் கடல்நீரில் இது ஆபத்தானது. காரத்தன்மை கூடக் கூட அம்மோனியாவின் நச்சு வடிவம் பெருகும். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-இல் இருப்பதைவிட, கடல்நீரின் 8.2-இல் அது பத்து மடங்குக்கும் மேல். அதைத் தின்று நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் முதலில் கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும். நான் மீன் மார்க்கெட்டிலிருந்து ஒரே ஒரு இறாலை வாங்கி வந்து வெறும் தொட்டியில் அழுகவிட்டேன். டெஸ்ட் கிட்டில் முதலில் அம்மோனியா ஏறியது. அது இறங்கும்போது நைட்ரைட் ஏறியது. இரண்டும் பூஜ்ஜியத்துக்கு வர ஐந்து வாரம் பிடித்தது. வீட்டில் அந்த வாசனைக்கு எதிர்ப்பு இருந்தது உண்மைதான். ஆனாலும் அந்த ஐந்து வாரத்தைக் குறைக்க வேண்டாம்.

அடுத்தது வெயில். தொட்டி 25, 26 டிகிரியில் இருப்பது நல்லது, நம் ஊர் மேயில் 40-ஐ நெருங்கும். ஏற்காட்டில் இதே தொட்டிக்கு மார்கழியில் ஹீட்டர் வேண்டும். இங்கே தண்ணீரின் மேல் ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானை குளிர்வதும் இப்படித்தான். ஒரு லிட்டர் ஆவியாகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம், 100 லிட்டரை ஏறக்குறைய 6 டிகிரி குளிர்விக்கப் போதுமானது. அறையின் சூடு மறுபடி உள்ளே வருவதால் முழுப் பலன் கிடைக்காது. கோடையில் என் தண்ணீர் அவ்வளவு வேகமாக இறங்கியதற்கும் அந்த ஃபேன்தான் காரணம். கரன்ட் போனால் ஃபேனும் நிற்கும், பம்பும் நிற்கும். கடல்நீரில் நன்னீரைவிட ஆக்சிஜன் குறைவாகவே கரையும், சூடானால் இன்னும் குறையும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

அப்புறம், ராமேஸ்வரம் போய் வருகிறவர்கள் பவளத்துண்டு கொண்டுவரட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்குத் தரப்படும் அதே பாதுகாப்பு. கோமாளி மீன் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை. அதைப் பண்ணையிலேயே பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. பண்ணையில் பிறந்த மீன் தொட்டித் தீனிக்குப் பழகியே வரும், எளிதில் பயப்படாது. கடையில் கேட்டுப் பாருங்கள், பண்ணையில் பொரித்ததா கடலில் பிடித்ததா என்று. தெரியாது என்றால் வேறு கடைக்குப் போகலாம்.