பென்சிலை எண்ணத் தெரியுமா?

ஜப்பானிய மொழியில் பென்சிலை எண்ணுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒன்று 'இப்போன்', இரண்டு 'நிஹோன்', மூன்று 'சான்போன்'. காகிதமென்றால் 'இச்சிமாய்', நாய்க்குட்டியென்றால் 'இப்பிக்கி'. 'இரண்டு பேர்', 'இரண்டு பழம்' என்று பிரிப்பதோடு நாம் விட்டுவிடுகிறோம். அவர்கள் நீளமானது, தட்டையானது, சிறு விலங்கு என்று பிரித்துக்கொண்டே போவார்கள்.

சாவோ பாலோவிலோ லாஸ் ஏஞ்சல்ஸிலோ வளரும் ஜப்பானியக் குழந்தை இந்த இடத்தில் தடுக்கி விழும். பென்சில், காகிதம், நாய்க்குட்டி எல்லாவற்றையும் 'இக்கோ, நிகோ' என்று ஒரே மாதிரி எண்ணிவிடும். பாவம், அது என்ன செய்யும்? கடை, பள்ளி, தெரு விளையாட்டு என்று நாளெல்லாம் காதில் விழவேண்டிய சொற்கள் அவை. வீட்டில் அம்மா ஒருத்தி வாயிலிருந்து எத்தனை தடவை வந்துவிடும்?

இப்படிக் குடும்பவழி வரும் மொழியை 'கெய்ஷோகோ' என்கிறார்கள். இதில் உச்சரிப்பு பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது, சின்ன வயதிலேயே காதில் ஏறிவிடுவதால். அடிவாங்குவது மரியாதைப் பேச்சு. பெரியவரிடம் 'மெஷிஅகாரிமாஸ்கா' என்று கேட்கவேண்டிய இடத்தில், 16 வயதுப் பையன் 'தபேரு?' என்பான். 'சாப்பிடுறீங்களா'வுக்குப் பதில் 'சாப்பிடுறியா'. அம்மாவிடம் பேசிப் பழகிய மொழி அவ்வளவுதான். எழுத்தின் கதை இன்னும் மோசம். ஜப்பானில் 6 வருட ஆரம்பப் பள்ளியில் 1,026 கான்ஜி எழுத்துகள் கற்கிறார்கள். வெளிநாட்டில் அதே பாடத்தை வாரம் ஒருநாள் நடக்கும் 'ஹோஷூகோ' பள்ளியில் திணிக்கிறார்கள். நண்பர்கள் பந்தாடப் போகும் சனிக்கிழமையில்! மொழிமீது கசப்பு வராமலிருந்தால்தான் ஆச்சரியம்.

'நான் யார்' என்ற கேள்வி இதோடு பின்னிக்கொள்வதைப் பிரேசிலில் தெளிவாகப் பார்க்கலாம். 1908இல் 'காசாத்தோ மாரு' கப்பல் குடியேற வந்த 781 ஜப்பானியரை அங்கே சாந்தோஸ் துறைமுகத்தில் இறக்கியது. 1930களின் கடைசியில் பிரேசில் அதிபர் வர்காஸின் அரசு அயல்மொழிப் பள்ளிகளை ஒடுக்கியதில் பலருக்கு மொழி நழுவியது. ஆனாலும் முகத்தைப் பார்த்து ஊரார் 'ஜப்போனேஸ்' என்றே கூப்பிட்டார்கள். 1990இல் ஜப்பான் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்திருத்தம், இப்படிக் குடியேறியவர்களின் மூன்றாம் தலைமுறைவரை அங்கே வந்து வேலை செய்ய வழிவிட்டது. ஆயிரக்கணக்கில் போனார்கள். வாயைத் திறந்ததும், அங்கே அவர்கள் பிரேசில்காரர்கள். அந்த அடியில் சிலர் ஜப்பானிய மொழியை வெறியோடு படித்தார்கள். சிலர் 'பிரேசில்காரன்தான் போ' என்று சம்பா ஆடினார்கள்.

ஜப்பானின் ஓய்சுமி, ஹமமாட்சு போன்ற ஊர்களில் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் இப்போது பென்சிலை 'இப்போன், நிஹோன், சான்போன்' என்று பிசகாமல் எண்ணுகிறார்கள். பிரேசிலிலிருந்து பாட்டி போனில் கூப்பிட்டால், போர்ச்சுகீஸ் வராமல் போனை அம்மாவிடம் நீட்டுகிறார்கள்.