புதுப் பெயிண்ட் அடித்த ஒற்றைச் சுவர்

வீடு வாங்கப்போகிறவர்கள் பத்திரத்தை வழக்கறிஞரிடம் கொடுத்து வரிவரியாகப் பார்க்கச் சொல்கிறார்கள். அது கட்டாயம் செய்ய வேண்டியதுதான். ஆனால் அதே வீட்டின் சுவர்களுக்கு அரைமணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. விற்பனைக்கு வரும் வீடுகளைச் சோதித்துச் சொல்லும் கட்டடப் பொறியாளன் நான். என்னைப் பெரும்பாலும் முன்பணம் கொடுத்த பிறகுதான் அழைக்கிறார்கள். அதற்குப் பிறகு குறையைச் சொன்னால் அவர்களுக்கு மிஞ்சுவது மனவேதனை மட்டுமே. தயவுசெய்து பணம் கைமாறும் முன் அழையுங்கள்.

ஒரு இளம் தம்பதி அப்படி முன்கூட்டியே அழைத்தார்கள். "வீடு பளிச்சென்று இருக்கிறது சார், நீங்களும் ஒருமுறை பார்த்துவிட்டால் நிம்மதி" என்றார் கணவர். எல்லா அறைகளிலும் பழைய பெயிண்ட். படுக்கையறையில் ஒரே ஒரு சுவர் மட்டும் புதிது. அதை ஒட்டி ஒரு மர அலமாரி. உரிமையாளரிடம் கேட்டு அதை நகர்த்தினோம். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. விரலால் தொட்டபோது மாவுபோல வெள்ளைப் பொடி ஒட்டியது. "சுண்ணாம்பா சார்?" என்று கேட்டார் மனைவி. சுண்ணாம்பு இல்லை, உப்பு. சுவரில் ஏறிய நீர், செங்கல்லிலும் காரையிலும் இருக்கும் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. நீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். மேலே எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் உள்ளிருந்து தள்ளிக்கொண்டு வரும்.

ஈரம் எங்கே தெரிகிறது என்பதே அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பாதி சொல்லிவிடும். சுவரின் அடிப்பகுதியில் ஒரே மட்டமாக ஏறியிருந்தால் நிலத்திலிருந்து வரும் ஓதமாக இருக்கலாம். குளியலறையின் மறுபக்கச் சுவரில் இருந்தால் குழாயையோ தரை ஓடுகளின் இடைவெளியையோ சந்தேகியுங்கள். ஜன்னலின் கீழ் மூலையில் இருந்தால் மழைநீர். சில சமயம் சுவரில் குறையே இருக்காது. காற்றோட்டம் இல்லாத அறையின் ஈரப்பதம் குளிர்ந்த சுவரில் படிந்திருக்கும். இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஓரடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் ஈரம் அறைக்காற்றில் இருக்கிறது. உள்பக்கம் நனைந்தால் சுவரில் இருக்கிறது.

சுவரைவிட நான் அதிகம் அஞ்சுவது காங்கிரீட் கூரையில் தெரியும் பழுப்புக் கறைக்குத்தான். நல்ல காங்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. ஆண்டுக்கணக்கில் காற்றும் நீரும் புகுந்தால் அந்தக் காப்பு போய்விடும். துரு, தான் தின்ற இரும்பைப்போல 2 முதல் 6 மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில்தான் காங்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. கம்பி ஓடும் திசையில் நேர்க்கோடாக விரிசல் தெரிந்தாலோ, தட்டும்போது வெற்றொலி கேட்டாலோ, பொறியாளர் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

விரிசல் என்றாலே பயப்பட வேண்டியதில்லை. பூச்சில் வலைபோலப் பரவும் மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் மேலோட்டமானவை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் தெரிந்தால் கவனியுங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் இருந்தால் காரணம் தெரியாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, எந்தத் தொட்டியிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, தண்ணீர் மீட்டரைக் குறித்துவைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை வீட்டுக்குப் போய்வாருங்கள்.

விற்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சமையலறைச் சுவர்க் கறையின் மேல் இருமுறை பெயிண்ட் அடித்து, இருமுறையும் அது மேலே வந்த பிறகு என்னை அழைத்தார். சுவருக்குள் ஒரு குழாய் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. சுவரை உடைக்கும்போதும் புதுக் குழாய் பதிக்கும்போதும் படம் எடுத்துவைக்கச் சொன்னேன். வீடு பார்க்க வந்தவர்களிடம் அந்தப் படங்களையும் பிளம்பரின் ரசீதையும் அவரே எடுத்துக் கொடுத்தார். மறைத்திருந்தால் எழுந்திருக்கும் சந்தேகம் அங்கே எழவே இல்லை. கூடவே, அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கசிவை நிறுத்திய உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள். நனைந்த சுவர் உள்ளே உலர வாரங்கள் ஆகும், தடித்த சுவருக்கு மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை அந்த இடம் திறந்தே இருக்கட்டும்.