கசோர்லாவைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்

"சான்டி கசோர்லா இதைவிட மோசமான காலோடு ஆடினார், டாக்டர்." சென்ற வாரம் வந்த இளைஞர் இதைச் சொன்னபோது அவருடைய வலது காலுறையை நான் கழற்றிக்கொண்டிருந்தேன். காலுறை எளிதில் வரவில்லை. குதிகாலுக்கு மேலே கட்டுத்துணியோடு ஒட்டிப்போயிருந்தது. உப்பு நீரில் நனைத்து மெதுவாகப் பிரித்தேன். தையல் தழும்பு பார்ப்பதற்கு அழகாகத்தான் மூடியிருந்தது. கீழ் முனையில் விரலை வைத்து அழுத்தியதும், ஊசித் துளை அளவே இருந்த ஓர் இடத்திலிருந்து மஞ்சள் நீர் எட்டிப்பார்த்தது. அந்தக் காலோடு அவர் ஒரு தொடர் முழுவதும் ஆடி முடித்திருந்தார். கோப்பையும் வாங்கினாராம்.

எலும்பு மூட்டு மருத்துவத்தில் இருக்கும் எனக்குக் கால்பந்து பிடிக்கும். ஸ்பெயினின் நடுக்கள ஆட்டக்காரரான கசோர்லாவை மிகவும் பிடிக்கும். அதனால்தான் இந்தக் கோபம். அவருடைய குதிகால் படத்தைச் செல்பேசியில் வைத்துக்கொண்டு, "மன உறுதி இருந்தால் எல்லாம் முடியும்" என்று எனக்கே பாடம் நடத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவருடைய மகளுக்கு இந்தியா என்று பெயர்; அந்தப் பெயரைப் பச்சை குத்தியிருந்த முன்கைத் தோலை வெட்டி எடுத்துக் கணுக்காலில் ஒட்டினார்கள் அல்லவா, அந்தப் படம்தான். பெயரின் ஒரு பகுதி கையிலும் மறுபகுதி காலிலுமாக இருக்கும். வீரத்தின் அடையாளமாக அதைப் பரப்புகிறார்கள். என் கண்ணுக்கு அது, தன் தோலால் மூட முடியாத அளவுக்குக் குழிந்துபோன ஒரு புண்ணின் படம்.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 2013 செப்டம்பரில் ஜெனீவாவில் சிலிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் கணுக்காலில் அடி. வலி போகவில்லை, அவரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. 2014 இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஹல் சிட்டி 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது ஃப்ரீ கிக்கில் ஒரு கோல் அடித்துத் தன் லண்டன் கிளப்பான அர்செனலை மீட்டெடுத்தாரே, அது இந்த வலிக்கு நடுவில்தான். 2015 நவம்பரில் முழங்கால் காயம் வேறு. 2016 அக்டோபர் 19 அன்று பல்கேரியாவின் லுடோகோரெட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் பாதியில் வெளியேறினார். அர்செனலுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுவே. டிசம்பரில் அறுவை சிகிச்சை. அதன் பிறகு காயம் ஆறவில்லை. மூடினார்கள், திறந்துகொண்டது. மறுபடி அறுவை, மறுபடி தோல் ஒட்டு. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தால் அதோடு திருப்திப்படுங்கள் என்று மருத்துவர்கள் சொன்னதாக அவரே பிறகு கூறினார்.

இப்போது எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். "ஆட ஆரம்பித்தால் வலி போய்விடுகிறது, டாக்டர். அப்படியானால் உள்ளே ஒன்றும் இல்லைதானே?"

இல்லை. உடல் சூடேறியதும் வலி அடங்குவது குதிகால் தசைநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாண்) நோயின் பழைய குணம். புதிதாகப் பயிற்சிக்கு வந்த மாணவர்கூட இதைக் கேட்டவுடன் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார். காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது முதல் சில அடிகள் குத்தும். நடக்க நடக்கக் குறையும். மைதானத்தில் இருபது நிமிடம் ஓடியதும் மறந்தே போகும். ஆட்டம் முடிந்து உடல் ஆறியதும், அல்லது மறுநாள் காலையில், வட்டியோடு திரும்பி வரும். இடையில் வலி இல்லாத அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் குணம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். கசோர்லாவும் இதையேதான் சொல்லியிருக்கிறார்: சூட்டோடு ஆடும்போது தாங்கிக்கொள்வாராம், இடைவேளையில் உட்கார்ந்து உடல் குளிர்ந்ததும் வலியில் அழுவாராம். தசைநாண் எப்படி இருக்கிறது என்று தெரியவேண்டுமானால் ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் கேளுங்கள். படியில் இறங்கும்போது கேளுங்கள். ஒற்றைக் காலில் நுனிவிரலில் எழும்பி நிற்க முடிகிறதா என்று பாருங்கள். ஆட்டத்தின் நடுவில் அதைக் கேட்டால் பொய்தான் சொல்லும்.

வலி ஒரு பக்கம். ஆறாத புண் அதைவிடப் பெரிய விஷயம், அதைத்தான் யாரும் கேட்பதே இல்லை. குதிகாலுக்கு மேலே தோல் மெல்லியது, ரத்த ஓட்டம் குறைவு. எங்கள் அறுவை அரங்கில் அந்த இடத்துத் தையலைப் பார்த்தாலே அனுபவசாலிகள் முகம் சுளிப்பார்கள். மேல்தோல் மூடிக்கொண்டு, உள்ளே கிருமி குடியிருப்பது அங்கே நடக்கக்கூடியதுதான். கசோர்லாவுக்கு அதுதான் நடந்தது. 2017 மே மாதம் ஸ்பெயினின் விட்டோரியா நகரில் மிக்கேல் சான்செஸ் என்ற அறுவை மருத்துவர் காலைத் திறந்து பார்த்தபோது, தசைநாணில் 8 செ.மீ. அளவுக்கு இல்லவே இல்லை. கிருமிகள் தின்றுவிட்டிருந்தன. குதிகால் எலும்பும் அரிக்கப்பட்டிருந்தது. வளர்ந்த ஆணுக்கு அந்தத் தசைநாணின் மொத்த நீளமே ஏறத்தாழ 15 செ.மீ.தான். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் மன உறுதி எங்கே வருகிறது? திறந்து பார்த்தார்கள், அழுகியதை நீக்கினார்கள், எந்தக் கிருமி என்று கண்டுபிடித்தார்கள், அதற்குரிய மருந்து கொடுத்தார்கள், தசைநாணை மீண்டும் உருவாக்கினார்கள். அதற்குப் பிறகுதான் மன உறுதிக்கு வேலை வந்தது. பிறகு அவர் ஸ்பெயினின் சலமான்கா நகரில் இயன்முறைப் பயிற்சியில் பல மாதங்கள் கிடந்தார், குடும்பத்தைப் பிரிந்து. லுடோகோரெட்ஸ் ஆட்டத்துக்கும், ஸ்பெயினின் வில்லாரியல் கிளப் சட்டையில் அவர் மறுபடி களமிறங்கிய 2018 ஜூலை நட்பு ஆட்டத்துக்கும் இடையே 636 நாள்கள். அத்தனை நாளும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. என்னிடம் வருகிறவர்கள் ஆறு வாரம் ஓய்வு என்றாலே "அடுத்த மாதம் அரையிறுதி இருக்கிறதே" என்று தொடங்குகிறார்கள். கசோர்லாவைப் பின்பற்றுவதென்றால் இந்த 636-ஐப் பின்பற்றுங்கள். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளை விட்டுவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு அவர் ஆடிய ஆட்டத்தையும் கவனித்துப் பாருங்கள். உயரம் 1.68 மீட்டர். எப்போதுமே ஓட்டத்தை நம்பி ஆடியவரில்லை. இரண்டு காலும் அவருக்கு ஒன்றுதான். எந்தக் காலால் உதைப்பார் என்று எதிராளிக்குத் தெரியாது. பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுவார். நடுக்களத்தில் அப்படி ஆடுகிறவருக்குப் பழுதடைந்த குதிகாலோடும் இடம் உண்டு. பக்கவாட்டில் பறந்து ஆடுகிறவராக இருந்திருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 2019 ஜனவரி 3 அன்று ரியல் மாட்ரிடுக்கு எதிராக இரண்டு கோல் அடித்து ஆட்டத்தை 2-2 என்று முடித்தார். இரண்டாவது கோல் தலையால் முட்டியது, அந்த உயரத்தில்! அதே ஆண்டு ஸ்பெயின் தேசிய அணிக்கும் மறுபடி அழைக்கப்பட்டார். 2008, 2012 ஐரோப்பியக் கோப்பைகளை வென்ற அணியில் இருந்தவர், இடையில் 2010 உலகக் கோப்பையைக் காயத்தால் இழந்தவர். காயம் எதையெல்லாம் பறித்துக்கொள்ளும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

பிறகு கத்தாரின் அல் சாத். 2023-இல், சிறுவனாக வளர்ந்த ரியல் ஒவியேடோ கிளப்புக்கே, விதிப்படி கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்சச் சம்பளத்துக்குத் திரும்பினார். 2025 ஜூனில் மிரான்டெஸ் அணிக்கு எதிரான இறுதிச் சுற்றில் பெனால்டி கோல் அடித்தார். ஒவியேடோ 24 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்பெயினின் முதல் பிரிவுக்கு ஏறியது. அப்போது அவருக்கு வயது 40. இதைப் பார்த்து நானும் கண் கலங்கினேன், மறைக்கவில்லை. ஆனால் இப்படி முடிந்த கதைகள் மட்டும்தான் உங்கள் செல்பேசிக்கு வருகின்றன. இதே புண்ணோடு ஆட்டத்தையே விட்டுவிட்டு, இன்று மாடிப்படி ஏறக் கைப்பிடியைத் தேடுகிறவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. அவர்கள் என் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே, சொல்வதைக் கேளுங்கள். அறுவை செய்த இடம் மூடியபின் மறுபடி கசிந்தால், ஒரே ஒரு துளியாக இருந்தாலும், அன்றே போய்க் காட்டுங்கள். அதன்மேல் மஞ்சளையோ பொடியையோ அப்பாதீர்கள். வீங்கிய இடத்தை எண்ணெய் தடவி நீவிவிடச் சொல்லாதீர்கள். மருந்துக்கடையில் நின்றபடி ஐந்து கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு என்னிடம் வராதீர்கள். அப்படிச் செய்தால் ஆழத்திலிருந்து எடுக்கும் மாதிரியில் பரிசோதனைக்கூடத்தில் கிருமி வளராமல் போகலாம், நான் இருட்டில் துழாவ வேண்டியிருக்கும். அதிலும் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கைவசம் வைத்திருக்கிறீர்களே, சிப்ரோஃப்ளாக்சசின், அந்த வகை மருந்துகளே குதிகால் தசைநாண் அறுந்துபோகக் காரணமாகலாம். ஓடுகிறவர்கள், ஆடுகிறவர்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் வலிக்கிற தசைநாணில் ஸ்டீராய்டு ஊசி கேட்காதீர்கள். போடுகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். புகைப்பதை விட முடியவில்லை என்றால், புண் ஆறும்வரைக்காவது விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பயிற்சியாளர்களே, உங்களுக்கும் ஒன்று. "கொஞ்சம் பொறுத்து ஆடு தம்பி" என்று சொல்வதற்கு முன்னால் அந்தத் தம்பியின் காலுறையை ஒருமுறை கழற்றச் சொல்லிப் பாருங்கள்.

என்னைப் பார்க்க வருகிறவர்கள் பழைய அறுவைக் குறிப்பு, ஸ்கேன் படங்கள், இதுவரை விழுங்கிய மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஊசி போட்டிருந்தால் அந்தச் சீட்டையும் மறைக்காமல் கொண்டுவாருங்கள், திட்டமாட்டேன்.