மானியம்: பத்திரத்திலிருந்து மொட்டை மாடி வரை

சேலத்தில் வீட்டுக்கு சோலார் போட விலை விசாரித்தவர்கள் 'மானியம் போக' என்ற தொடரைக் கேட்காமல் வந்திருக்க முடியாது. "மானியம் போக இவ்வளவுதான் சார் வரும்" என்பார் கடைக்காரர். இதே மாவட்டத்தில் ஒரு பழைய நிலப் பத்திரத்தை எடுத்துப் பிரித்தால், எல்லை சொல்லும் இடத்தில் 'கோயில் மானியத்துக்கு மேற்கு, தோட்டி மானியத்துக்கு வடக்கு' என்கிற மாதிரி எழுதியிருக்கும். பட்ஜெட் முடிந்த பிறகு செய்தித்தாளில் 'எரிசக்தித் துறை மானியக் கோரிக்கை மீது இன்று விவாதம்' என்று வரும். மூன்று இடத்திலும் ஒரே சொல்தான், ஆனால் மூன்றும் ஒரே பொருள் அல்ல. சூரிய மின்சாரம், மின் வாகனம், மின்கட்டணம் பற்றிய இன்றைய பேச்சில் பாதிக் குழப்பம் இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் வருகிறது. அதனால் முதலில் பழைய பொருளைப் பார்ப்போம்.

மானியம் வடமொழியின் 'மான்ய' என்பதிலிருந்து வந்தது. மதிப்புக்குரியது, மதித்துக் கொடுத்தது என்பது அதன் வேர்ப்பொருள். தமிழில் அது நிலத்தைக் குறிக்கும் சொல்லாகவே வேரூன்றியது: வரி இல்லாமலோ, பேருக்குக் கொஞ்சம் வரி வைத்தோ விடப்பட்ட நிலம் மானியம். முழு வரியும் தள்ளப்பட்டால் சர்வமானியம். விசயநகரக் காலக் கல்வெட்டுகளில் இந்தச் சொல் தாராளமாக வருகிறது. அதற்கு முந்திய சோழர் கல்வெட்டுகளில் இதற்கு இணையாக நல்ல தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறது: இறையிலி. இறை என்றால் வரி, அது இல்லாதது இறையிலி. சுருக்கமாக, தெளிவாக, வேறு விளக்கம் தேவைப்படாத சொல். அது வழக்கிலிருந்து போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கோயில், மடம் மட்டுமல்ல, ஊரில் வேலை செய்தவர்களுக்கும் மானியம் இருந்தது. தலையாரி, தோட்டி, நாவிதர், தச்சர், கொல்லர் என்று ஒவ்வொருவருக்கும் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு துண்டு நிலம். இதை ஊழிய மானியம் என்றார்கள். 1792-இல் திப்புவோடு நடந்த போருக்குப் பின் சேலமும் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபோது, கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்ரோவும் நிலத்தை அளந்து வரி போட உட்கார்ந்த இடத்திலெல்லாம் இந்த மானியங்கள் எதிரே வந்து நின்றன. எது உண்மையான மானியம், எது இடையில் சேர்த்துக்கொண்டது என்று பிரிப்பதே ஒரு பெரிய வேலையாகி, 1858 வாக்கில் இனாம் கமிஷன் வரை போனது. இனாம் அரபிச் சொல், மானியத்துக்கு அரசாங்க அலுவலகத்தில் வைத்த பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். 1963-இல் வந்த இனாம் ஒழிப்புச் சட்டங்களோடு நிலம் என்ற பொருளில் மானியத்தின் கதை ஏறக்குறைய முடிந்தது. பத்திரங்களிலும், 'மானியக் காடு' என்று இன்றும் ஊரார் சொல்லும் சில வயல்களிலும் மட்டும் மிச்சம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மணியம் வேறு, மானியம் வேறு. மணியம் என்பது ஊர் நிர்வாகப் பொறுப்பு, அதைப் பார்த்தவர் மணியக்காரர். 1980-இல் பரம்பரை கிராம அதிகாரிகள் முறை நீக்கப்படும்வரை சேலம் பக்கம் வரி வசூல் செய்தவர் அவர்தான். மணியக்காரருக்கு மானியம் இருந்திருக்கலாம், ஆனால் மானியத்திலிருந்து மணியம் வரவில்லை.

கவனிக்க வேண்டியது இதுதான். பழைய மானியத்தில் அரசு எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. வாங்க வேண்டியதை வாங்காமல் விட்டது, அவ்வளவே.

சரி, இன்று மானியம் என்று நாம் பெயர்க்கிற சப்சிடி எங்கிருந்து வந்தது? லத்தீனில் சப்சிடியம். கீழே, பின்னே என்ற முன்னொட்டும், உட்காருதல் என்ற வினையும் சேர்ந்த சொல். ரோமானியப் படையில் முன்வரிசை களைத்தால் இறங்குவதற்காகப் பின்னால் உட்கார்ந்து காத்திருந்த படைக்கு இந்தப் பெயர். அதிலிருந்து துணை, உதவி என்று பொருள் விரிந்தது. நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிற வெல்லெஸ்லியின் துணைப்படைத் திட்டம் இதே வேரில் வந்ததுதான். 1798-இல் முதலில் ஹைதராபாத் நிஜாம் ஒப்பந்தம் போட்டார். கம்பெனிப் படை நிஜாமின் நாட்டில் உட்காரும், அதற்கான பணத்தை நிஜாம் கொடுப்பார். அந்தப் பணத்தின் பெயர் சப்சிடி! இங்கிலாந்திலும் நெடுங்காலம் சப்சிடி என்றால் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து அரசருக்குக் கொடுத்த வரிப்பணம். அரசு மக்களுக்குக் கொடுப்பது என்ற இன்றைய பொருள் பிறகு வந்தது. பணம் போகும் திசையே தலைகீழாகியிருக்கிறது.

அந்தப் பழைய திசை நம் சட்டமன்றத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மானியக் கோரிக்கை என்பது அரசு மக்களுக்குத் தரும் சலுகையைப் பற்றியதல்ல. ஒரு துறை தன் ஆண்டுச் செலவுக்கு அவையிடம் பணம் கேட்பது. அரசமைப்பின் 203-ஆம் பிரிவுப்படி அவை ஒப்புக்கொண்டால்தான் செலவு செய்யலாம். எரிசக்தித் துறை மானியக் கோரிக்கை என்றால் அதில் சம்பளம், கட்டடம், ஜீப்புக்கு டீசல் எல்லாம் அடக்கம். அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு 'கரண்டுக்கு மானியம் கூட்டப்போறாங்களாம்' என்று தேநீர்க் கடையில் பேச்சு கிளம்புவது ஆண்டுதோறும் நடக்கிறது. குற்றம் பேசுபவர் மேல் இல்லை, கிராண்ட், சப்சிடி என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு ஒரே தமிழ்ச் சொல்லை வைத்த மொழிபெயர்ப்பின் மேல்தான்.

இனி மொட்டை மாடிக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள், ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000. மூன்றுக்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000தான். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 மட்டும் என்பதை விளம்பரங்கள் பெரிதாகச் சொல்வதில்லை. இந்தப் பணம் கடைக்காரரிடம் போவதில்லை. முழு விலையையும் வீட்டுக்காரர் கட்ட வேண்டும், அல்லது வங்கிக் கடன் வாங்க வேண்டும். பேனல் ஏறி, வரும் மின்சாரத்தையும் போகும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர் வைத்து, மின்வாரியத்தார் பார்த்து இயக்கி வைத்த பிறகுதான் அவர் வங்கிக் கணக்கில் மானியம் ஏறும். வேளாண்மை, தோட்டக்கலைத் துறைகளில் இதற்கு அழகான ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: பின்னேற்பு மானியம். அப்படிப் பார்த்தால் 'மானியம் போக' என்பது சரியான பேச்சில்லை. 'மானியம் வந்த பிறகு' என்று சொல்ல வேண்டும். அந்த இடைவெளியில் கைக்காசு யாருடையது என்பதுதான் சேலத்தில் அம்மாபேட்டை, குகைப் பகுதிகளில் சிறிய வீடு கட்டியிருப்பவரின் கேள்வி.

விவசாயிக்கு சூரியசக்தி பம்புசெட் கிடைப்பது வேறு வழி. 2019-இல் வந்த குசும் திட்டத்தில் ஒன்றிய அரசு 30, மாநில அரசு 30 சதவீதம் ஏற்க, விவசாயி தன் பங்கை மட்டும் கட்டுகிறார். இங்கே 'மானியம் போக' என்று சொல்வது முழுக்கச் சரி. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது வகை கண்ணுக்கே தெரியாதது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட், 2023 முதல் விசைத்தறிக்கு 1,000 யூனிட், கைத்தறிக்கு 300 யூனிட் இலவசம். விவசாயத்துக்கு 1990 முதல் முழுதும் இலவசம். எடப்பாடியிலும் இளம்பிள்ளையிலும் தறி ஓட்டுபவர் இதை 'ஃப்ரீ கரண்ட்' என்பார், மானியம் என்று சொல்ல மாட்டார். கணக்கில் இது மானியமேதான். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவுப்படி, ஒழுங்குமுறை ஆணையம் வைத்த கட்டணத்தைவிடக் குறைத்துக் கொடுக்க மாநில அரசு விரும்பினால், அந்தத் தொகையை மின் விநியோக நிறுவனத்துக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் படை என்ற லத்தீன் பொருள் இதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இன்னொன்று, குறுக்கு மானியம். இதில் அரசு பணம் போடுவதில்லை. ஆலைகளிடம் ஆகும் செலவைவிடக் கூடுதலாக வாங்கி, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் குறைத்துக் கொடுப்பது. சேலம் உருக்காலையும், நூற்பாலைகளும், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளும் கட்டுகிற யூனிட் விலைக்குள் அடுத்தவர் வீட்டு விளக்கும் கொஞ்சம் இருக்கிறது. 2025 அக்டோபரில் ஒன்றிய மின் அமைச்சகம் கருத்துக் கேட்டு வெளியிட்ட மின்சாரத் திருத்த மசோதா வரைவு, உற்பத்தி ஆலைகள், ரயில்வே, மெட்ரோ மூன்றுக்கும் இந்தச் சுமையை ஐந்து ஆண்டுகளுக்குள் நீக்க வேண்டும் என்கிறது. நீக்கினால் அந்தப் பணம் மாநில பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும், இல்லை வீட்டுக் கட்டணம் ஏற வேண்டும். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. குறுக்கு என்ற முன்னொட்டு ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது என்றாலும், பணம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் குறுக்கே போவதால் தமிழிலும் அது நிற்கிறது.

மானியத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் சொற்கள் சில. 2025 செப்டம்பர் 22 முதல் சூரிய மின் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. இதை மானியம் என்று எழுதிய செய்திகளைப் பார்த்தேன். இன்றைய வழக்கில் அது தவறு, வரிக்குறைப்பு என்றுதான் எழுத வேண்டும். ஆனால் வேடிக்கை, பழைய பொருளில் பார்த்தால் இதுதான் அசல் மானியம்! வாங்க வேண்டிய வரியை விட்டது. 78,000 ரூபாயை ஒரு விசயநகரக் காலத்து ஊர்க் கணக்கர் மானியம் என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். பேனல் தயாரிக்கும் ஆலைக்கு உற்பத்தி அளவைப் பார்த்துத் தருவது ஊக்கத்தொகை. தமிழ்நாடு, குஜராத் கடலில் காற்றாலை நடுவதற்கு 2024 ஜூனில் அறிவித்த 7,453 கோடி, திட்டம் கட்டுப்படியாகாமல் விழும் பள்ளத்தை நிரப்பும் நிதி. கடனை விட்டுக்கொடுத்தால் தள்ளுபடி. மின் ஸ்கூட்டருக்கு பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பேட்டரி அளவைப் பார்த்து விலையில் குறைப்பது மட்டும் சந்தேகமில்லாமல் மானியம். முதலாண்டில் கிலோவாட்-மணிக்கு 5,000 ரூபாயாக இருந்து, அடுத்த ஆண்டு 2,500 ஆனது.

அப்புறம், தமிழ்ச் சொல்? மானியம் வடசொல் என்பதால் விலக்க வேண்டும் என்பவர்கள் உதவித்தொகை, கொடை, நல்கை என்று மூன்றைச் சொல்கிறார்கள். உதவித்தொகை என்றதும் மாணவர், முதியோர் ஞாபகம் வருகிறது, அது அங்கேயே இருக்கட்டும். கொடை சரிவராது. கொடுப்பவர் விருப்பம் அதில் தொனிக்கிறது, சட்டப்படி தகுதியுள்ளவர் கேட்டுப் பெறுவதற்கு அது பொருந்தாது. நல்கை நல்ல சொல். நல்கு என்பது சங்கப் பாட்டிலேயே உள்ள வினை. பல்கலைக்கழக மானியக் குழுவைப் பலர் நல்கைக் குழு என்றும் எழுதுகிறார்கள். என் தீர்ப்பு: ஒரு துறைக்கோ நிறுவனத்துக்கோ செலவுக்கென்று ஒதுக்குவது நல்கை, சட்டமன்றத்திலும் 'நல்கைக் கோரிக்கை' என்று மாற்றலாம். ஒருவர் வாங்கும் பொருளின் விலையில் அரசு ஏற்கும் பங்கு மானியம். அது கேஸ் சிலிண்டரோடு வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்த சொல், இனி அதைப் பிடுங்கி நட வேண்டியதில்லை. வரி விட்ட நிலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இறையிலி என்றே எழுதலாம்.

எழுத்து பற்றி ஒரு வரி. பழைய இதழ்களில் 'மான்யம்' என்று இருக்கும், பிழையில்லை. கடைத்தெரு பேனர்களில் காணும் 'மாணியம்' பிழை. 'மானிய சப்சிடி உண்டு' என்று ஏற்காடு ரோட்டில் ஒரு பலகை இருந்தது. இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று நம்பி யாரும் போயிருக்க வேண்டாம்.