தேமலைத் தொடும் பஞ்சு

மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கிறது மாந்தீவு. தொழுநோயாளரைக் கொண்டுபோய் வைத்த ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது. நோய் கண்டவரைப் பிரித்து வைக்க 1901ஆம் ஆண்டுச் சட்டமே இடம் கொடுத்தது. வள்ளத்தில் ஏறினால் ஊரும் உறவும் கரையோடு சரி. அந்தப் பயத்தில் எத்தனை பேர் நோயின் அடையாளமான தேமலை, தோலில் நிறம் மங்கிய திட்டை, மறைத்திருப்பார்கள்! எல்லாரையும் கட்டாயமாகச் சோதித்தால் நோயைப் பிடித்துவிடலாம் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இந்த நோயை மறைப்பது மிகச் சுலபம். தேமல் நோகாது, பெரும்பாலும் கடிக்கவும் செய்யாது. பரிசோதனையும் எளிமையானது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சு நுனியால் தோலை மெல்லத் தொடுவார்கள். தொட்ட இடத்தைச் சோதிக்கப்படுபவர் விரலால் காட்ட வேண்டும். நல்ல தோலென்றால் உடனே காட்டுவார். தேமலில் தொடும்போது விரல் அசையாமலே இருந்தால், அங்கே நரம்பு கெட்டிருக்கிறது. ஆனால் சாறத்துக்குள் இருக்கும் தேமலை அவராகக் காட்டினால்தானே பஞ்சுக்கு வேலை?

சரி, ஊரையே வரிசையில் நிறுத்திச் சோதித்தால்? இந்தக் கிருமி ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கும். தொற்றியபின் அறிகுறி தெரியச் சராசரியாக 5 வருஷம், சிலருக்கு 20 வருஷம்கூட ஆகும். அடுத்த வருஷம் தேமல் வரப்போகிறவரும் இன்றைக்கு "சுகம்" என்று வீட்டுக்குப் போய்விடுவார்.

இரத்தப் பரிசோதனை உள்ள நோய்களில் இன்னொரு சிக்கல். 10,000 பேரில் 10 பேருக்கு நோய் என்று வையுங்கள். நோயில்லாத நூறு பேரில் ஒருவரைப் பரிசோதனை தவறாகப் பிடித்தால், சுமார் 100 பேர் வீணாக மாட்டுவார்கள். உண்மையான நோயாளிகள் பத்தே பேர். அந்தக் காலமென்றால் எல்லாரும் வள்ளத்தில்! அறிகுறியோடு தாமாக வருபவர்களிடையே நோய் உள்ளவர்கள் அதிகம் என்பதால், அதே பரிசோதனை அங்கே நம்பகமாக இருக்கும்.

இரத்த வங்கியில் மட்டும் கட்டாயம் சரிதான். தானம் கிடைத்த ஒவ்வொரு பையையும் சோதித்தே ஆகவேண்டும்; அதை வாங்குபவரின் உயிர் அதில் இருக்கிறது.

தொழுநோயாளரை உண்மையில் வெளியே வரவைத்தது மருந்து என்பேன். உலக சுகாதார நிறுவனம் 1982இல் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. மாத்திரை இலவசம், 6 அல்லது 12 மாதம். அதிலுள்ள ரிஃபாம்பிசின் சிறுநீரைச் சிவக்க வைக்கும், பயப்படாதீர்கள். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குத் தொற்றாது. வீட்டிலேயே பிள்ளைகளோடு இருக்கலாம். அப்புறம், அவர்களுக்கும் தொற்றியிருக்கிறதா என்று வீட்டாரையும் சோதித்துப் பார்க்க வேண்டும். பெயர் அடுத்த வளவுக்குப் போகாது என்று தெரிந்தால், பிள்ளையின் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டத் தாய் தயங்கமாட்டாள்.