ஒரு நிலையையும் விடாமல்: ஜோசப் சிஃபாகிஸும் மாதிரிச் சரிபார்ப்பும்

மென்பொருள் ஒன்றை ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்து, ஆயிரம் முறையும் அது ஒழுங்காக இயங்கினாலும், ஆயிரத்தோராவது முறை தவறாது என்று அதைக்கொண்டு உறுதி கூற முடியாது. ரயில்வே சிக்னலையோ விமானக் கட்டுப்பாட்டையோ இந்த ஐயத்தோடு விட்டுவிட இயலாது. இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் ஜோசப் சிஃபாகிஸ். கிரீட் தீவின் ஹெராக்ளியோன் நகரில் 1946-இல் பிறந்து, ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்த இவர், 1970-இல் இயற்பியல் பயில பிரான்சின் கிரெனோபிள் நகருக்குச் சென்று, அங்கே கணினியியலின் பக்கம் திரும்பினார்.

அவர் வகுத்த 'மாதிரிச் சரிபார்ப்பு' என்னும் முறையை ஒரு ரயில்வே கேட்டைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ரயில் தொலைவில், அருகில், சாலையைக் கடக்கும் இடத்தில் என மூன்று நிலைகளுள் ஒன்றில் இருக்கும். கேட் திறந்து, இறங்கிக்கொண்டு, மூடி, ஏறிக்கொண்டு என நான்கினுள் ஒன்றில் இருக்கும். ஆக மொத்தம் 12 சேர்க்கைகள். தொடக்க நிலையிலிருந்து ஒவ்வோர் அடியிலும் எந்தெந்த நிலைக்குப் போக முடியும் என்று நிரல் தொடர்ந்து சென்று, இனிப் புதிய நிலை எதுவும் இல்லை என்றாகும் வரை எல்லாவற்றையும் ஒரு வரைபடமாகக் குறித்துக்கொள்கிறது. "ரயில் கடக்கும்போது கேட் ஒருபோதும் திறந்திருக்கக் கூடாது", "மூடிய கேட் என்றேனும் திறந்தாக வேண்டும்" போன்ற நிபந்தனைகள், 'ஒருபோதும்', 'என்றேனும்' போன்ற காலக் கருத்துகளைக் குறியீடுகளாக்கும் காலத் தருக்கத்தில் எழுதப்படுகின்றன. முதலாவதற்கு, விலக்கப்பட்ட நிலை வரைபடத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இரண்டாவதற்கோ, கேட் திறக்காமலே சுற்றிச் சுற்றி வரும் வழி ஏதேனும் உண்டா என்று தேட வேண்டும்.

இம்முறையின் அழகு எனக்குத் தெரிவது, நிபந்தனை நிறைவேறுகிறதா என்பதற்கு விடை 'இல்லை' என்று வரும்போதுதான். தவறு நேரும் வழி முழுவதையும், முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை, நிரல் எடுத்துக் காட்டிவிடுகிறது: முதல் ரயில் போய், கேட் ஏறத் தொடங்கிய கணத்தில் இரண்டாவது ரயில் வந்தது என்பதுபோல. அதைக் கண்ட பொறியாளர் நேரே பிழையிடத்துக்குச் செல்லலாம்.

சிஃபாகிஸும் ழான்-பியர் கெய்யும் 1982-இல் வெளியிட்ட சீசர் என்னும் கருவி இவ்வாறு இயங்கியது. அமெரிக்காவில் எட்மண்ட் கிளார்க்கும் ஆலன் எமர்சனும் தனித்தே இதே கருத்தை எட்டியிருந்தனர். மூவருக்கும் கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருது, 2007-ஆம் ஆண்டுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

பெரிய இடர்ப்பாடு நிலைகளின் பெருக்கம். பத்து சுவிட்சுகளுக்கு 1,024 நிலைகள்; முப்பதுக்கு 107 கோடிக்கும் மேல். நிலைகளை ஒவ்வொன்றாக அன்றி, தருக்கச் சமன்பாடுகளாகத் தொகுத்துக் கையாளும் உத்தி 1990-களில் வளர்ந்த பிறகே பெரிய சில்லு வடிவமைப்புகள் இதன் வசப்பட்டன.

சிஃபாகிஸ் 1993-இல் கிரெனோபிளில் வெரிமாக் ஆய்வகத்தை நிறுவினார். பின்னாளில் அவர் பிப் (BIP) என்னும் மென்பொருள் வடிவமைப்பு முறையில் ஈடுபட்டார். அதில், எழுதி முடித்த மென்பொருளைச் சோதிப்பதற்கு மாறாக, உறுப்புகளை இணைக்கும் விதிகளையே வரையறுத்து, ஒவ்வோர் இணைப்பிலும் பாதுகாப்புப் பண்புகள் குலையாமல் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.